மூன்று துளைகளும் ஒரு சகலையும்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. என் வலது கை கழுத்துப் பட்டியில் தொங்குவதால், நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள். அடைப்புக்குறிக்குள் வருவது அவளுடைய சொந்தச் சரக்கு. (ரொம்ப வேகமா சொல்றாரு.)

2

ஒரு குளிர்கால மாலையில் அவன் தோள்... வேண்டாம். குளிருக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?

வீடு மாறிய அன்று சகலை ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் பரணில் ஏற்றினார். அடுத்ததை அவனும் ஒற்றைக் கையால் ஏற்றப் போனான். தோளுக்குள் தசைநார் கிழிந்தது. அதைத் தைத்ததும் அந்தச் சகலைதான். மனைவியின் அக்கா கணவர், எலும்பு மருத்துவர்.

தோளை அறுத்துத் திறக்கவே இல்லை. பட்டாணி அளவில் மூன்று துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். கிழிந்த நாரை எலும்போடு சேர்த்துத் தைத்துவிட்டு, "ஆறு வாரம் கைய தூக்காதீங்க சகலை. தூக்குனா நான் போட்ட தையல் போயிரும்" என்றார். 'நான்' என்பதில் ஓர் அழுத்தம். (அப்படி ஒண்ணும் இல்ல.)

3

சிகிச்சையின் வீடியோவையும் கொடுத்தார். மனைவி அதை மூன்று முறை பார்த்தாள். பதினாறு வருடத்தில் அவன் கதை எதையும் அவள் இரண்டாம் முறை படித்ததில்லை. (அவன் அவன்னு எதுக்கு? நீங்கதானே.)

சரி, நான்தான். பொறாமையாகத்தான் இருக்கிறது. என் தோளுக்குள்ளேயே புகுந்து அந்த மனிதர் பேர் வாங்கிவிட்டார்.

கதைக்கு முதல் முடிவு: தையல் பிரிந்தது. சகலை தலைகுனிந்து

4

அங்கேயே பேனாவை மூடிவிட்டாள். இது நான் இடது கையால் எழுதும் கோழிக் கிறுக்கல்.

"அது தானா எப்படிப் பிரியும்? நீங்க தூக்குனாதான் பிரியும்" என்றாள். காலையில் குளியலறையில் பட்டியைக் கழற்றிவிட்டு, கையைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்து நின்றதை நான் அவளிடம் சொல்லவில்லை.

எழுதிய தாள்களை அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். "அத்தான் கைவேலைய யாரு பாத்தா? உங்களுக்கு உள்ள எவ்வளவு கிழிஞ்சிருக்குன்னுதான் பாத்தேன். மொத தடவ கண்ண மூடிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். ஆசைப்பட்டு நானே எழுதிக்கொண்டதாகவும் இருக்கலாம். அவளுடைய அடைப்புக்குறி இல்லாமல் என்னை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்கே தெரியும்.

மேல் தட்டு இடது கைக்கும் எட்டும். அவள் சொன்னதை நம்பினால், இடது கையைத் தூக்கினேன் என்று முடித்துக்கொள்ளுங்கள். நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். சீக்கிரம் முடிவு செய்யுங்கள், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.