எதிர்க்கடையில் ஒரு மூடி

'இல்லை' என்று சொல்லாத வாய்க்கு விலை நூற்றெண்பது. பதினைந்து நாளைக்கு முன்னால் அந்த விலைக்குத்தான் அப்பா தன் சொந்தக் காரின் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி விற்றிருந்தார்.

இப்போது மகள் அந்தக் காரின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, மூடி இருக்கவேண்டிய இடத்தில் அடைத்திருந்த பூப்போட்ட துணியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு மூலையைத் தள்ளினால் இன்னொரு மூலை வெளியே வந்தது. அதன் தடிமனில் வெளித்தகடு சாத்திக்கொள்ள மறுத்தது. வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றுவிட்டது. நான்கு மணிக்கு எடுக்கவேண்டும். அதற்குப் பின்னால் முதல் வண்டியாக இந்தக் கார்தான் போகும் என்று அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முடித்த முகம். துணியைப் பார்த்தாள்.

"அது என் பழைய நைட்டி."

"தெரியும்மா."

"ஊரே பாக்க அதையும் சேத்து ஊர்வலம் விடப்போறியா?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்ததால் தொண்டையிலேயே அது வேறு ஏதோவாக மாறியது.

தம்பி போனைத் துழாவியபடி வந்தான். வெளியூரில் ஒரு அலுவலகத்தில் நல்ல வேலையில் இருப்பவன். விடியற்காலையில்தான் வந்து இறங்கினான். "ஆன்லைன்ல இருக்குக்கா. இப்ப போட்டா நாளைக்கு மத்தியானம் வந்துடும்."

"அதுவரைக்கும் அப்பாவை வெயிட் பண்ணச் சொல்லட்டுமா?"

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்பா பழைய கார்ப் பாகங்கள் வாங்கி விற்கும் வியாபாரி. கீழே கடை, மேலே வீடு. கேட்ட பொருள் இல்லை என்று அந்தக் கடையில் முப்பது வருடமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இல்லாததை எங்கிருந்தாவது கொண்டுவந்து வைத்து, அதற்கு ஒரு விலை சொல்லி, அந்த விலையை அவரே குறைத்து, வந்தவன் ஜெயித்துவிட்டதாக நினைத்துப் போகும்படி செய்வார். அன்றைக்கு வந்தவன் ஒரு வாடகைக் கார்க்காரன். மூடியை எங்கேயோ பெட்ரோல் பங்க்கில் மறந்துவிட்டான். மறுநாள் காலை வண்டிக்குத் தகுதிச் சோதனை; மூடி இல்லாவிட்டால் வண்டி தேறாது. அலமாரியில் அந்த ரகம் இல்லை என்பது கல்லாவில் இருந்த மகளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"இருக்கு, உக்காருங்க" என்று பின்கட்டுக்குப் போனவர், துடைத்து மினுக்கிய மூடியோடு வந்தார். இருநூற்றைம்பதில் தொடங்கி நூற்றெண்பதில் முடித்தார்.

"பழசுதானே?" என்றான் அவன்.

"ஒரே ஓனர். நல்ல மனுஷன்" என்றார் அப்பா.

மறுநாளே வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த வட்டாரத்தில் அந்த மூடி இருந்தது ஒரே இடத்தில்தான்: தெருவின் மறுபக்கம், நேர் எதிரே, ஒரேவிலையின் கடையில்.

அவருக்கு அப்படித்தான் பெயர். கடைக்கு மேலே ஆளுயர எழுத்தில் 'ஒரே விலை' என்று எழுதியிருப்பார். சொன்னால் சொன்னதுதான். சொந்த மச்சானுக்கும் ஒரு காசு குறைத்ததில்லை. அப்பா போய் முந்நூற்றுப்பத்து மூடியை இருநூற்றுக்குக் கேட்டார். அவர் பேசாமல் பலகையைக் கைகாட்டினார். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் பலகை. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் கேலி செய்ததற்கு, "கேட்ட விலையைக் கொடுத்தா நான் வியாபாரி இல்லடா, கிராக்கி. அவன் இறங்கி வரட்டும், அப்புறம் வாங்கிப் போடறேன்" என்று சொல்லிவிட்டு நைட்டியைக் கிழித்தார். நேற்று மதியம் கல்லாவில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தபோதும் ஒரேவிலை இறங்கி வந்திருக்கவில்லை.

மகள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். முந்நூற்றுப்பத்தை எண்ணி வைத்துவிட்டு வாங்கி வர இரண்டு நிமிடம்கூட ஆகாது. அப்படி வாங்கி மாட்டினால் வண்டி முழுசாக இருக்கும். அப்பா தோற்றவராகப் போவார். துணியோடு விட்டால் தெருவில் நிற்கும் அத்தனை மெக்கானிக்குகளும் பார்த்திருக்க, இல்லை என்று சொல்லாதவரின் வண்டி ஓட்டையோடு போகும்.

மணி மூன்றே கால்.

"வந்துடறேம்மா" என்று தெருவைக் கடந்தாள்.

எதிர்க்கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. காலையில் அவர்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கைகட்டி நின்றுவிட்டுப் போன ஒரேவிலை, உள்ளே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து நுழைந்ததும் எழுந்தார். எதற்கென்று கேட்கவில்லை. மேல் தட்டிலிருந்து மூடியை எடுத்து, ஊதி, மேஜையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போம்மா. காசெல்லாம் வேணாம்."

"ஓசில வாங்கினேன்னு தெரிஞ்சா அப்பா எழுந்து வந்துடுவாரு."

"வந்தா நல்லதுதானே" என்றார் அவர்.

அவள் மூடியைத் திருப்பி அதன் ரப்பரைப் பார்த்தாள்.

"வெலையச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"முந்நூத்திப்பத்து."

"இருநூறு."

அவர் கை பாதி உயர்ந்து, பலகை இருந்த திசையில் பாதியில் நின்றது. "இங்க பேரமில்ல. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ரப்பர் காஞ்சிருக்கே."

"புதுசும்மா அது!"

"எந்த வருஷத்துப் புதுசு? நான் ஸ்கூல் போறப்பவே அந்தத் தட்டுல பாத்த ஞாபகம்."

"அப்படியே அவன் வாய்" என்று முனகியவர், கழுத்தைச் சொறிந்தார். முப்பது வருடத்தில் செய்யாத வேலை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில், "சரி... முந்நூத்தி இருபது" என்றார்.

"மாமா, ஏறக்கூடாது. இறங்கணும்."

"ஓ."

அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முகம்போல் ஆனது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஊறிப்போன பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவள் காத்திருந்தாள். தெருவில் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது.

இனி இருப்பது ஒரே வழி. வேண்டாம் என்று நடப்பது. நடக்கிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் விலை அங்கேயே உறைந்துவிடும். கூப்பிடாவிட்டால் மறுபடி அந்தப் படியேறவும் முடியாது. அப்பாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அவள் இதுவரை செய்து பார்த்ததில்லை.

"கட்டுப்படியாகாது மாமா. வர்றேன்."

ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். படி இறங்கினாள். வெயில் கண்ணில் அடித்தது. நடைபாதை முடிந்தது. எதிரே அப்பாவை வெளியே கொண்டுவரக் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்துகொண்டிருந்தார்கள். தம்பி அவளைப் பார்த்துக் கையைக் காட்டினான். தெருவின் நடுக்கோட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் கூப்பிடவில்லை. கால் தன்னால் வேகம் குறையப் பார்த்தது, அவள் விடவில்லை. நைட்டித் துணியின் ஒரு முனை காற்றில் ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது.

பின்னால் ஷட்டர் கடகடவென்று முழுசாக மேலே போகும் சத்தம்.

"ஏம்மா! இருநூத்தி நாப்பத்தஞ்சு!"

ஒரேவிலை படியில் நின்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். ஊர்தி ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சுவர் ஓரம் நின்ற மெக்கானிக்குகள், டயர்க்காரர், பெயிண்டர் எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அப்பாவைக் கேலி செய்த மெக்கானிக் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

"எவ்வளவுன்னாரு?" என்று டயர்க்காரர் கேட்டார்.

"இருநூத்தி நாப்பத்தஞ்சு" என்றான் மெக்கானிக். சொந்த லாபத்தைச் சொல்வதுபோல் சொன்னான். "அறுபத்தஞ்சு இறங்கிட்டாரு."

இதற்குள் மாடிக்குப் போயிருந்த அம்மா ஜன்னலில் நின்று அதைக் கேட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

மகள் திரும்பி நடந்தாள். உடனே ஓடிவந்துவிட்டதாக இருக்கக்கூடாது என்று நிதானமாகவே நடந்தாள். இரண்டு நூறும் ஒரு ஐம்பதும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கிண்ணம் கிண்ணமாகச் சில்லறை. மூன்று ஐந்துகள் அவள் கண்ணுக்கே தெரிந்தன. அவர் விரலால் கொஞ்ச நேரம் துழாவினார்.

"சில்லறை இல்ல" என்று மூடினார். "நீ கடை திறக்கிற அன்னிக்கு வந்து வாங்கிக்க."

அவள் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் எடுத்தது ஒரே விலைக்கு அச்சடித்த ரசீதுப் புத்தகம். குறைத்த தொகை எழுத அதில் இடமில்லை. அவர் அளவுகோலை வைத்து நிதானமாக ஒரு கட்டம் போட்டார். அளவுகோல் நகர்ந்ததில் கோடு கொஞ்சம் வளைந்தது. எழுதி, கிழித்து, நான்காக மடித்து நீட்டினார்.

துணியை உருவிவிட்டு மாட்டியதும் மூடி மூன்று முறை டக் டக் டக் என்று பிடித்துக்கொண்டது. வெளித்தகடும் சாத்திக்கொண்டது. மெக்கானிக் வந்து ஒருமுறை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தான். அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அப்பாவை ஊர்தியில் ஏற்றும்போது ஒரேவிலையும் ஒரு பக்கம் பிடித்தார்.

ஊர்தி நகர்ந்தது. மகள் காரைக் கிளப்பி, முதல் கியரிலேயே பின்தொடர்ந்தாள். அம்மா கையை நீட்டி ரசீதை வாங்கிப் பிரித்தாள். கண்ணாடி போடாமல் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு வரியாக, வாய்விட்டுப் படித்தாள்.

"டேங்க் மூடி, ஒண்ணு. வெலை முந்நூத்திப்பத்து. குறைச்சது அறுபத்தஞ்சு. வந்தது இருநூத்தம்பது. எதிர்க்கடைப் புது முதலாளிக்குக் குடுக்கவேண்டியது, அஞ்சு."