இரும்பு இரண்டு, இரும்பு மூன்று

பிளஸ் டூ செய்முறைத் தேர்வின் ஐந்தாம் நாள். நின்று நின்று கால் வீங்கிவிட்டது. எங்கள் மலப்புறம் அரசுப் பள்ளி ஆய்வகத்தில் இருப்பதே பதினான்கு உப்புகள்தான். எந்த எண் குப்பியில் என்ன இருக்கிறது என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். போன வருடம் எழுதிய அண்ணன்மாரிடம் கேட்டுக்கொண்டு வந்து, சோதனைக் குழாயைச் சும்மா ஆட்டிவிட்டு விடையை எழுதிவிடுவார்கள். நானும் கண்டுகொள்வதில்லை. இருபத்திரண்டு வருடம் கண்டுகொண்டு என்ன ஆயிற்று?

அன்று ஒன்பதாம் எண் நான்கு பேருக்கு விழுந்தது. மூன்று பேர் இரும்பு(II) சல்பேட் என்று எழுதியிருந்தார்கள். ரம்ஷீனா மட்டும் இரும்பு(III) சல்பேட் என்று எழுதி, Fe₂(SO₄)₃ என்று வாய்பாட்டையும் பிசகில்லாமல் போட்டிருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஈப்பன் சார் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "என்ன ரமணி டீச்சரே, உங்க பிள்ளைக்கு ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியலையே?"

"ஒரு நிமிஷம் சார்" என்று குப்பியைத் திறந்தேன். வெளிர்பச்சையாக இருக்க வேண்டிய உப்பு துருநிறமாகக் கிடந்தது. காற்றுப்பட்டால் இரும்பு இரண்டு மூன்றாக மாறிவிடும் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். புதிய உப்புக்கு எழுதிப் போடச் சோம்பி, ஆறு வருடமாக அந்தக் குப்பியையே ஓட்டிக்கொண்டிருந்தேன். கரைத்து ஒரு துளி தயோசயனேட் விட்டதும் ரத்தமாகச் சிவந்தது. மூன்றுக்குத்தான் அந்தச் சிவப்பு வரும்.

"சார், அவ எழுதினதுதான் சரி. குப்பிதான் கெட்டுப்போச்சு."

ஈப்பன் சார் ஆறிப்போன, பால் விடாத கட்டன் சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். "அப்ப மத்த மூணு பேருக்கும் மார்க்கை வெட்டணும். அதுல ஒருத்தன் போன தடவை தோத்தவன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பேர்லயும் நான் ரிப்போர்ட் எழுதணும். விடைப் பட்டியல்ல ரெண்டுன்னு இருக்கு. அவளையே திருத்தச் சொல்லுங்க, எல்லாருக்கும் முழு மார்க். எனக்கு நாலரைக்கு பஸ்ஸு."

நான் வாதாடியிருக்க வேண்டும். உடம்பில் தெம்பில்லை என்றால் அது பாதி உண்மைதான். பயமும் இருந்தது.

ரம்ஷீனாவைக் கூப்பிட்டேன். "மோளே, இன்னொரு தடவை யோசிச்சுப் பாரு."

"நல்லாச் சிவந்துச்சே டீச்சர். ரெண்டு தடவை செஞ்சு பார்த்தேனே."

"ஒன்பதாம் நம்பர் இரும்பு ரெண்டுதான்." வாய் கூசாமல் சொன்னேன்.

அவள் தன் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பிறகு எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டு, இரும்பு(II) சல்பேட், FeSO₄ என்று எழுதினாள்.

நால்வருக்கும் முழு மதிப்பெண் விழுந்தது. நானும் கையெழுத்திட்டேன். சோதனையை உண்மையிலேயே செய்து பார்த்தவள் அவள் ஒருத்திதான், அவளையே பொய் எழுத வைத்துவிட்டேன். அவமானத்தில் தலை நிமிரவில்லை.

ரம்ஷீனா குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என் கண்ணுதான் சரியில்ல போல" என்றாள். "திருத்த விட்டதுக்கு ரொம்பத் தேங்க்ஸ், டீச்சர்."