பீரங்கியார் சொன்ன ரகசியம்

மூன்று படி போதும் டாக்டரம்மாவுக்கு. மருத்துவமனை வாசலில் இருக்கும் மூன்று படிகளை ஒருவர் எப்படி ஏறுகிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். மீதி நோயைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் மட்டும் சொல்லிவிடுவார்களா என்ன? வருகிறவர்கள் அத்தனை பேரும் முன்னாள் ராணுவத்தினர். கழுத்தை அறுத்தாலும் "லேசா எரியுது மேடம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே மேசை, அதே நாற்காலி. நாற்காலிக்கு மட்டும் நடுவில் இரண்டு முறை மெத்தை மாற்றினார்கள். காய்ச்சலோ சர்க்கரையோ மூட்டுவலியோ, எதுவானாலும் முதலில் இந்த மேசைக்குத்தான் வர வேண்டும். பெரிய வைத்தியம் என்றால் இங்கிருந்து சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அன்று காலை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தவருக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் வந்து தொலைத்தது. வந்தது வந்ததுதான், போகவே மாட்டேன் என்றது.

அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. முதல் நாளே நாற்பத்தோரு பேர். "என்ன பண்ணுது?" என்று முதல் ஆளிடம் கேட்டார். "ஒண்ணும் இல்ல மேடம், நல்லா இருக்கேன்." இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். பத்தாவது ஆளும் அதையே சொன்னார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, "என்ன சிஸ்டர், எல்லாரும் குண்டுக்கல்லு மாதிரி இருக்காங்க! இவங்களுக்கு எதுக்கு டாக்டர்?" என்று கேட்டார். அவரைவிட எட்டு வயது சின்னவள் அந்த நர்ஸ். வாயில் இருந்த சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"நல்ல டாக்டர் வந்தீங்க! மூணாவதா வந்தாரே, அவர் கால்ல ஆணி ஏறி சீழ் வெச்சிருக்கு. நீங்க பாக்கறீங்கன்னு நொண்டாம நடந்து காமிச்சுட்டுப் போறாரு."

அப்புறம்தான் டாக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்தது. வெளியே நாமெல்லாம் நோயைச் சொல்லத்தான் டாக்டரிடம் போகிறோம். இவர்களுக்கு மெடிக்கல் என்பது பாஸாக வேண்டிய பரீட்சை. ஃபெயிலானால் துப்பாக்கி போகும், வண்டி போகும், பதவி உயர்வும் போகும். இருபது வருடம் டாக்டரை ஏமாற்றியே பிழைத்தவர்களிடம் போய், "உள்ளதைச் சொல்லுங்க" என்றால் வருமா? தொட்டில் பழக்கமாவது சுடுகாடு மட்டும்தான். பரேடு மைதானத்துப் பழக்கம் அதற்கு அப்பாலும் போகும் போலிருக்கிறது.

அதனால் அவர் கேள்வியை மாற்றினார். "என்ன பண்ணுது" என்பதை விட்டுவிட்டு, "செருப்பைக் கழட்டுங்க", "ராத்திரி எத்தனை வாட்டி எழுந்தீங்க" என்று ஆரம்பித்தார். காலையில் கால் மணி முன்னதாகவே வந்து ஜன்னலோரம் நின்று படியைப் பார்க்கப் பழகினார். ஒவ்வொருவருடைய கள்ளத்தனத்தையும் கண்டுபிடித்ததில் அவருக்குப் பெருமை உண்டு. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

பீரங்கியாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பீரங்கிக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்று இரண்டு காதையும் தொலைத்தவர். கொடுத்த காது மிஷினை, "பேட்டரி வீணாப் போகும்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். எதிராளியின் வாயைப் பார்த்தே பதில் சொல்லிச் சமாளிப்பார். ஒருநாள் டாக்டரம்மா ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு, "உங்களுக்குத் தலையில கொம்பு முளைச்சிருக்கா?" என்று கேட்டார். "ஆமா மேடம், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றார் மனுஷன். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவரும் நர்ஸும் எத்தனை மத்தியானச் சாப்பாட்டைச் சிரித்தே முடித்திருக்கிறார்கள்!

பீரங்கியாரின் உயிர்த்தோழர் வண்டிக்காரர். மலைப்பாதையில் இருபத்திரண்டு வருடம் ராணுவ லாரி ஓட்டியவர். ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்போது எழுபத்தொன்று. சின்ன வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தார். மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடமாக டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். இந்த வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். அந்த ஃபாரத்தோடு அன்று வரப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் கார் நகரும், மனைவியும் ஆஸ்பத்திரி போவாள்.

அந்த அம்மா இல்லாமல் வண்டிக்காரர் எங்கேயும் வரமாட்டார். படியில் ஒரு படி முன்னால் அவள், முழங்கையைத் தொட்டபடி பின்னால் இவர். "புது மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று வெளியே காத்திருக்கும் பெஞ்சே கேலி பண்ணும். டாக்டரம்மா கூட ஜன்னலோரம் நின்று, இந்த வயதிலும் என்ன அன்னியோன்யம் என்று பெருமூச்சு விட்டதுண்டு.

அன்று முதலில் உள்ளே வந்தவர் பீரங்கியார். ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று, மாத்திரை எழுதியாயிற்று. மனுஷன் கிளம்பினால்தானே? சுவரைப் பார்த்தபடி சட்டைப் பொத்தானைப் போடுகிறார், கழற்றுகிறார், மறுபடியும் போடுகிறார். சுவரில் கண் சார்ட் இருந்தது. புதிய டாக்டர் வரப்போகிறார் என்று, மஞ்சள் பூத்துப்போன பழைய சார்ட்டை நர்ஸ் முந்தின நாள் சாயந்திரம் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டியிருந்தாள். பழையதை ஞாபகத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டரம்மா சுருட்டி வைத்திருந்தார்.

ஒருவழியாக பீரங்கியார் வெளியே போனார். கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து வண்டிக்காரர் காதில் ரகசியம் சொன்னார். காது கேட்காதவர் சொல்லும் ரகசியம் எப்படி இருக்கும்? தெருமுனை வரை கேட்டது.

"டேய்! சார்ட்டை மாத்திட்டாங்கடா!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுய்யா" என்றது வண்டிக்காரர் குரல்.

"மெதுவாத்தானேடா பேசறேன்! கவனமாக் கேளு. மொத வரி ட. ரெண்டாவது வரி ப, ம. மூணாவது வரி ல, ர, க. திருப்பிச் சொல்லு பாப்போம்!"

டாக்டரம்மா மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர்களையெல்லாம் விட்டுவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்து என்னத்தைச் செய்யப்போகிறோம் என்று நினைத்தார். வெளியே ஐந்தாவது வரி ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது வரி வந்தபோது அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

கண் தெரிகிறவருக்கு எதற்குச் சார்ட்டை மனப்பாடம் பண்ணவேண்டும்?

எழுந்து போய்ப் புதிய சார்ட்டை ஆணியிலிருந்து கழற்றினார். நாற்காலிக்குத் திரும்பி வந்து மடியில் வைத்துக்கொண்டார். நர்ஸ் முகத்திலும் சிரிப்பு இல்லை.

வண்டிக்காரர் வந்தார். அவர் மனைவி வாசற்படி வரை வந்து கையை விட்டுவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பிப் போனாள். அவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார், தரையில் போட்டிருந்த கோட்டில் போய் நின்றார், உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். சுவரைப் பார்த்து, வகுப்புப் பையன் மாதிரி கணீரென்று ஆரம்பித்தார்.

"ட. ப, ம. ல, ர, க..."

ஏழு வரியையும் ஒரு எழுத்துத் தப்பாமல் வாசித்தார். கண்ணை மாற்றி மூடிக்கொண்டு மறுபடியும் ஏழு வரி. வெறும் சுவரில் ஒரு ஆணி மட்டும் இருந்தது.

"எல்லாம் கரெக்டா மேடம்?"

"கரெக்ட்" என்றார் டாக்டரம்மா. தான் செய்த காரியத்தை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. "சுவத்துல ஒண்ணும் இல்லைங்க. சார்ட் என் மடியில இருக்கு."

வண்டிக்காரர் கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார். "பீரங்கி சொல்லிக் கொடுத்தது கேட்டுடுச்சா?"

"இந்தக் கட்டடத்துக்கே கேட்டுச்சு."

"பாவி" என்றார். அவர் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுவில் வடு. ஓரமெல்லாம் தெரியும், படி தெரியும், கதவு தெரியும். நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் புகை மூட்டம். இந்த மனுஷன் மூன்று வருடமாகத் தன் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் பார்த்தே பேசுவதை, பெண் டாக்டரிடம் கூச்சம் என்றல்லவா நினைத்திருந்தார்! ஓரக்கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு முகமே தெரியும். ஃபைலைப் புரட்டினார். மூன்று வருடப் பரிசோதனையிலும் "பார்வை நன்று" என்று எழுதியிருந்தது. எல்லாம் தன் கையெழுத்து.

"எப்படி ஓட்டறீங்க?"

"அவ சொல்லுவா மேடம். சிவப்பு, பச்சை, லெஃப்ட்ல சைக்கிள், முன்னாடி பஸ் நிக்குது... சொல்லிக்கிட்டே வருவா. நான் அது மாதிரி ஓட்டுவேன். இதுவரைக்கும் ஒரு கீறல் இல்ல."

"போறப்ப சரி. திரும்பி வர்றப்ப? டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்குக் கண்ணையே தொறக்க முடியாதே?"

"அப்பவும் சொல்லுவா. வாய் ஓயாது அவளுக்கு." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒரு தடவை மட்டும் மேடம். பையன் தூர தேசத்துல இருக்கான். நான் ஓட்டலேன்னா அவளை யாரு கூட்டிட்டுப் போவா? எனக்காகக் கேக்கல. அவளுக்காகத்தான் கேக்கறேன். நீங்க போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கையெழுத்து."

ராணுவக்காரர் ஒருவர் தன்னிடம் கெஞ்சி டாக்டரம்மா அதுவரை பார்த்ததில்லை. பன்னிரண்டு நாளில் போகிறோம், வருகிற டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டுப் போகலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஏன் பொய் சொல்ல வேண்டும், தோன்றத்தான் செய்தது. ரோட்டில் சைக்கிளில் போகிறவர்களும் யார் வீட்டுப் பிள்ளைகளோதானே என்று தன்னையே அதட்டிக்கொண்டு, நர்ஸிடம் அந்த அம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

அவள் வந்தாள். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்தது. புருஷன் முகத்தையும் மேசையில் இருந்த ஃபாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா டாக்டரம்மா?"

"இல்லம்மா. போட முடியாது."

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்பாடா" என்றாள்.

வண்டிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அப்பாடாவா? என்ன பேச்சு பேசறே நீ?"

"எனக்குப் பயமா இருக்குங்க." இத்தனை நாள் அடக்கியது இப்போது உடைந்து வந்தது. "மூணு வருஷமாப் பயமா இருக்கு. திரும்பி வர்றப்ப தூக்கம் கண்ணைச் சொக்கும். தூங்கிட்டா ரெண்டு பேரும் போயிடுவோம்னு தொடையைக் கிள்ளிக் கிள்ளி முழிச்சுக்கிட்டு வருவேன். தொடையெல்லாம் கன்னிப் போய்க் கெடக்கு. நாம போனாலும் பரவாயில்ல, வழியில ஒரு ஸ்கூல் வாசல் இருக்கு, அது வர்றப்ப எனக்கு உசுரே இருக்காது."

"இதை ஏன்டி நீ சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வண்டி நின்னா நீங்க படுத்துடுவீங்களேன்னு பாத்தேன். உங்களுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு உக்காந்து வந்தேன்."

"நான் உனக்காகத்தானேடி ஓட்டினேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பார்த்தது ஓரக்கண்ணால். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். டாக்டரம்மாவுக்கும் அழுகை முட்டியது. பேனாவை எடுத்து வேகவேகமாகக் கண் டாக்டருக்குச் சீட்டு எழுதினார். இடது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஊசி போட்டால் அந்த மிச்சத்தையாவது காப்பாற்றலாம்.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றார் எழுதியபடி. "மூணு வருஷம் முன்னாடியே நான் கண்டுபிடிச்சிருக்கணும். அப்பவே ஊசி போட்டிருந்தா ரெண்டு கண்ணும் தேறியிருக்கும்."

"நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க?" என்றார் வண்டிக்காரர், அந்த நிலைமையிலும் ஒரு மிடுக்கோடு. "உங்களைவிடப் பெரிய பெரிய டாக்டரையெல்லாம் ஏமாத்தினவங்க நாங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா, இந்த மனுஷனை இரண்டு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை. சீட்டை அவர் மனைவியிடம் கொடுத்தார். வண்டிக்காரர் ஃபாரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் தன் கால்களையே குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இனிமே எப்படிம்மா போறது?"

"பஸ்ஸு எதுக்கு இருக்கு? பெரிய ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணு. மூணு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து ரோட்டையே பாத்தாச்சு. இனிமே ஜன்னலோர சீட்டு எனக்கு. கடை கண்ணியெல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டுத்தான் வருவேன். தூக்கம் வந்தா தூங்கிடுவேன், என்னை எதுவும் சொல்லக்கூடாது."

வண்டிக்காரர் கையை நீட்டித் துழாவி, ஊசி குத்திய அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத் தூங்கும்மா. அந்த ரோட்டுல ஒவ்வொரு மேடு பள்ளமும் எனக்குத் தெரியும். எறங்கற இடம் வந்தா நான் எழுப்பறேன்."