இரண்டு விரற்கடை

"கால்பக்கம் தூக்குங்க, தலைப்பக்கம் தணிச்சுப் பிடிங்க... யோவ், சுவத்துல இடிக்காத!"

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று சித்தப்பா உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். நான்கு பேர் மூச்சிரைக்கச் சுமந்த ஸ்ட்ரெச்சரில் அவருடைய அண்ணன் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். சித்தப்பா சுமந்தது ஒரு காலி ஃபிளாஸ்க்கை.

நாலாம் மாடியிலிருந்து படிவழியே இறக்கச் சொன்னது இறந்தவரின் மகள். ஸ்ட்ரெச்சர் தாராளமாக நுழையும் லிஃப்ட் எதிரிலேயே கதவைத் திறந்துகொண்டு நின்றபோதுதான் அப்படிச் சொன்னாள்.

"ஏம்மா, லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது? இவங்க இடுப்பு ஒடியுது பாரு."

"அப்பாவுக்கு லிஃப்ட் வேணாம் சித்தப்பா."

"முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்த மனுஷனுக்கா?"

அவள் படியில் இறங்கத் தொடங்கினாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அரை நாள் கிறுக்குத்தனம் அனுமதி உண்டு. உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முட்டிவலிக்காரர்கள் ஏழெட்டுப் பேராக லிஃப்டில் ஏறிக் கீழே போனார்கள்.

அந்த லிஃப்டுக்குள், பட்டன்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் தொங்கியது. கயிறு: திருப்திகரம். பிரேக்: திருப்திகரம். கதவு: திருப்திகரம். கீழே, தெளிவான குண்டுக் கையெழுத்தில் அவள் பெயர்.

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கம்பெனியில் அவள் பரிசோதகர். மூன்று மாதம் முன்பு இந்த ஆஸ்பத்திரி அன்றைய பட்டியலில் ஏழாவது. நோயாளிகள் காத்திருக்கிறார்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்த முடியாது என்றார்கள். மேனேஜருக்கு போன் போட்டாள். "போன வருஷ அளவையே எழுதும்மா. பிரேக் என்ன, அதுக்குள்ள கரைஞ்சா போயிடும்?" என்றார். மொட்டை மாடியில் பிரேக் இருந்த மோட்டார் அறைக்குப் போகாமலே, கீழே நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாள். நாற்காலிகூட நல்ல நாற்காலி.

மேனேஜருக்கு ஆபீசில் உத்தமர் என்று பெயர். வருஷா வருஷம் பணியிட நெறிமுறை வகுப்பு எடுப்பவர் அவர்தான். முடிவெடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்காவது: 'இதை உங்களைப் பெற்றவர்கள் பார்த்தால் நீங்கள் தலைநிமிர்ந்து நிற்பீர்களா?' கடைசியில் ஒரு தேர்வு, தேர்வுக்குப் பின் பிஸ்கட். அவள் எப்போதும் முழு மதிப்பெண். எந்தக் கேள்விக்கும் இரண்டாவது விடைதான் சரியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நேற்று முன்தினம் அப்பாவை ஸ்கேனுக்குக் கீழே கொண்டுபோனபோது, லிஃப்ட் நின்றதும் ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம் வாசலில் முட்டிக்கொண்டது. லிஃப்டின் தரை, வெளித்தரையைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றிருந்தது. மூன்று நாளாகக் கண் மூடிக் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"பிரேக் வழுக்குது," என்றார். "இன்னும் வழுக்கும். யாரு பாத்தது இத? பேரைப் படி பாப்பா."

அவருடைய மூக்குக்கண்ணாடி மேலே அலமாரியில் இருந்தது.

"ஒரே கிறுக்கலா இருக்குப்பா. புரியல."

"புரியாத மாதிரி போட்டிருக்கான்னா, அவனுக்கு எல்லாம் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்," என்று சிரிக்கப் பார்த்து இருமினார்.

ஸ்கேன் முடியுமுன் ஆபீசிலிருந்து அழைப்பு வந்து அவள் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. நோய் மூளைக்கு ஏறிவிட்டது, அதனால்தான் பேச்சில்லை என்றார் டாக்டர். வாழ்க்கையில் எந்த டாக்டரையும் அவள் அவ்வளவு முழுசாக நம்பியதில்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்து நான்கு பேரும் மூச்சு வாங்கினார்கள். பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா, பைக்குள் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்தாள்.

"இத அவர் சட்டைப் பையில வச்சிடுடி. கண்ணாடி இல்லாம அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"சரிம்மா."

"அன்னிக்கு நீ போனதும் கண்ணாடி வேணும்னு ஒரே பிடிவாதம். ஸ்கேன் படத்தப் பாக்கணுமாம், இவரு பெரிய டாக்டரு! மேல போயி எடுத்துட்டு வந்து மாட்டிவிட்டேன். ஆனா படத்தப் பாக்கவே இல்லடி. லிஃப்ட்ல வர்றப்போ சுவத்தையே பாத்துக்கிட்டு வந்தாரு."

"எந்தச் சுவத்த?"

"பட்டன் இருக்குல்ல, அந்தப் பக்கம். அப்புறம் தானே கழட்டி எங்கிட்ட குடுத்துட்டாரு. 'போதும்'னாரு. அதுதான் கடைசியாப் பேசினது."

அவள் கண்ணாடியை வாங்கி மடக்கினாள். அப்பாவின் சட்டைப் பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கண்ணாடியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில் உத்தமர் மலர்வளையத்தோடு காத்திருந்தார். வளையத்தில் கம்பெனி பெயர் பெரிசாகவும் 'அஞ்சலி' சிறிசாகவும் இருந்தன. இறந்தவரை அவர் உயிரோடு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அது பேச்சுக்குத் தடையாக இல்லை.

"இவர மாதிரி நேர்மையானவங்களப் பாத்துதான் நாமெல்லாம் கத்துக்கணும். அடுத்த வகுப்புல இவருக்குன்னு தனியா ஒரு ஸ்லைடு போடறேன்," என்றார். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உடலை வேனில் ஏற்றும்போது அவள் உத்தமரை லிஃப்டுக்குப் பக்கத்தில் தனியாக அழைத்து, பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தாள். இயக்கத் தடை அட்டை. பரிசோதகர் அதை மாட்டிவிட்டால், மறு சோதனை முடியும்வரை லிஃப்ட் ஓடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த பத்தில் பத்தும் அவளிடம் புத்தம்புதிதாக இருந்தன.

"இத மாட்டப்போறேன் சார். பிரேக் வழுக்குது."

"துக்கத்துல இருக்கும்மா நீ. இந்த நேரத்துல முடிவெடுக்கக் கூடாதுன்னு வகுப்புல சொல்லியிருக்கேன்ல?"

"அப்பா பாத்தே சொன்னாரு சார்."

"எப்ப?"

"முந்தா நேத்து."

"அப்ப ரெண்டு நாளா ஏன் மாட்டல?" குரல் தணிந்து, கனிவாகக்கூட ஆகிவிட்டது. "இத மாட்டினதும் முதல் கேள்வி, திருப்திகரம்னு எழுதினது யாருன்னுதான். போன்ல நான் என்ன சொன்னேன்கறதுக்கு எழுத்து கிழுத்து இருக்கா? இல்ல. ஒண்ணத் தோண்டினா, நீ கையெழுத்துப் போட்ட அத்தனை லிஃப்டையும் தோண்டுவாங்க. உன் வேல போயிடும், லைசென்ஸ் போயிடும். அப்பாவும் இல்ல. அம்மாவ யாரு பாத்துப்பா, சொல்லு?"

இந்தக் கேள்வி அந்த நான்கில் இல்லை. இதற்கு இரண்டாவது விடை என்று எதுவும் தரப்படவுமில்லை.

உத்தமர் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேன் பக்கம் போய்த் தலைகுனிந்து நின்றார். அவருக்குத் தலைகுனிந்து நிற்க நன்றாக வந்தது.

விழுந்தாலும் இனி ஒன்றும் ஆகாத ஒரே ஆளைத்தான் அவள் படியில் இறக்கியிருந்தாள். சிவப்பு அட்டை கையில் இருந்தது. மாட்டுவதற்கான கொக்கி, லிஃப்ட் கதவின் ஓரத்தில், அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

"இது மேல போகுமாம்மா?"

சக்கர நாற்காலியில் ஒரு வயதானவர். தள்ளிக்கொண்டு வந்த மனைவி கேட்டாள். லிஃப்ட் இறங்கி வந்து கதவு திறந்தது.

"மாலு!" என்று வெளியே அம்மா செல்லப் பெயரில் கூப்பிட்டாள். "எல்லாரும் ஏறியாச்சு, வாடி!"

"போகும்," என்றாள் நாற்காலி தள்ளிய அம்மாளிடம்.

நாற்காலியின் முன்சக்கரம் உள்ளே இறங்கத் தயங்கியது. அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, குனிந்து, சக்கரத்தைக் கையால் பிடித்து மெல்ல உள்ளே இறக்கிவிட்டாள். எழுந்திருக்கும்போது அவள் விரல்கள் தாமாகவே அந்த இடைவெளியை அளந்தன. மூன்று.

கதவு மூடிக்கொண்டது. மேலே எண்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. வேன் ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது. நாலு எரிந்து நிற்கும்வரை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.