சுருதி இறக்கிய பெட்டி

இருபது வருஷமாக எங்கள் இன்னிசைக் குழுவில் கிடாரும் வயலினும் என் அக்கார்டியனுக்குத்தான் சுருதி சேர்த்தன. கீபோர்டு வந்ததும் தப்பு என் பெட்டியில் என்றாகிவிட்டது.

"உங்க பெட்டி சுருதியில ஒரு நூல் மேல நிக்குது மாமா. ரெண்டும் சேந்து வாசிச்சா காது கூசுது" என்றான் சித்தார்த். கீபோர்டுக்குப் புதிதாக வந்தவன். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

குழுவை நடத்தும் மணவாளன் சுற்றி வளைக்கவில்லை. "ராஜவேலு, ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல ரிசப்ஷன். அதுக்குள்ள எறக்கிடு. இல்லன்னா நீ வர வேணாம்."

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சிதம்பரத்தில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் சின்னையனிடம் போனேன். அவர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே வரிசை வரிசையாக, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய இரும்பு நாக்குகள்.

"சுருதி ஏத்தணும்னா நாக்க நுனியில சொரண்டணும். எறக்கணும்னா அடியில. அடியில சொரண்டினா எளச்சிப்பூடும். பழைய இரும்பு, எப்ப முறியும்னு சொல்ல முடியாது. சொரண்டினத திருப்பி ஒட்டவும் முடியாது. யோசிச்சிக்கினு வாங்க."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் செம்மண்டலம் வீட்டுக்குத் திரும்பினேன். "நல்லா இருக்கறத ஏன் கெடுக்கறீங்க?" என்றாள் என் மனைவி மாலதி. மேடையில் இடம் போய்விட்டால் நான் என்னடி செய்வேன் என்று அவளிடம் கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

மறுபடி போய், "செய்யுங்க" என்றேன். மூன்று நாள் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சுரண்டலுக்கும் என் பல் கூசியது. இரண்டாம் நாள் ஒரு நாக்கு முறிந்தது. வேறொரு பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டார். அது மட்டும் கொஞ்சம் கரகரத்தது.

ஞாயிறு சாயங்காலம் மேடையில் பெட்டியை மாட்டி ஒரு கட்டையை அழுத்தினேன். கீபோர்டோடு ஒட்டி நின்றது. சித்தார்த் கட்டைவிரலை உயர்த்தினான். ஒரு வாரம் கழித்து அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அடுத்து, அன்றைக்கு மட்டும் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த கொளஞ்சி புல்லாங்குழலை எடுத்து ஊதினான். ஒரு நூல் மேலே.

"வேற கொழல் இல்லியா?" என்றார் மணவாளன்.

"இந்தச் சுருதிக்கு இது ஒண்ணுதாண்ணே. வெக்கைக்கு ஏறிடிச்சி."

"சரி, மூங்கில சொரண்டவா முடியும்? சித்தார்த்து, நீ ஏத்துடா."

சித்தார்த் கீபோர்டில் ஏதோ இரண்டு பட்டனை அழுத்தினான். கொளஞ்சி ஊதினான். சேர்ந்துவிட்டது. கிடார்காரன் முறுக்காணியைத் திருகிக்கொண்டான். பத்து நொடிகூட ஆகவில்லை.

நான் ஒரு கட்டையை அழுத்தினேன். இப்போது என் பெட்டி ஒரு நூல் கீழே. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சித்தார்த்து, அத ஏத்தலாம்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும் மாமா. உங்க ஒருத்தருக்காக ஏத்தச் சொல்லி யாரும் சொல்லலியே" என்றான், அதே மரியாதையோடு.

மணவாளன் என் தோளில் கை வைத்தார். "இப்ப போயி மேடைய விட்டு எறங்காத, பொண்ணு வூட்டுக்காரங்க பாக்கறாங்க. பெட்டிய மாட்டிக்கினு சும்மா ஆட்டு. கட்டைய மட்டும் தொடாத."

முதல் பாட்டிலேயே அக்கார்டியன் இடம் வந்தது. சித்தார்த் கீபோர்டில் என் பெட்டியின் சத்தத்தையே வரவழைத்து வாசித்தான். நான் துருத்தியை விரித்து மூடினேன், விரல்களைக் கட்டைமேல் படாமல் ஓட்டினேன். முன்வரிசையில் ஒருவர் என்னைப் பார்த்துக் கைதட்டினார். நான் தலைகுனிந்து வணக்கம் சொன்னேன்.