சம்பந்தியம்மாவுக்குப் போன பாட்டில்

முக்குளிக்கும் ரப்பர் சட்டை அறுத்து ஓக்சிமின் கழுத்து தீயாய் எரிந்தது. சிப்பி எடுத்துவிட்டுக் கடலிலிருந்து ஏறி, கல் மறைப்புக்குள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவளுக்கோ கழுத்தைப் பற்றிய கவலையே இல்லை. தலைமுடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

மறுநாள் ஜேஜு நகரத்தில் அவள் மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா பெண்களுக்கு முடி வெட்டிச் சுருட்டிவிடும் கடை வைத்திருப்பவள்.

"மொதல்ல என் தலையத்தான் பாப்பா. உப்புல ஊறிக் கயிறாக் கெடக்கு. இதப் பாத்துட்டு எம் பொண்ண எடுப்பாளாக்கா?"

"கயிறுன்னா படகாவது கட்டலாம். இது அதுக்கும் ஆகாதுடி" என்றேன். அவள் அழுதுவிடாமல் இருக்க வேண்டுமே.

சாயங்காலம் இரண்டு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்று கமேலியாப் பூமரத்து எண்ணெய். மரத்தடியில் நானே விதை பொறுக்கி ஆட்டியது. தலைக்குத் தடவினால் முடி படியும், கழுத்தில் தடவினால் எரிச்சல் அடங்கும். மற்றது சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக, வறுத்துப் பிழிந்த, கீரைக்கு ஊற்றும் எள்ளெண்ணெய். இரண்டும் பச்சை நிற சோஜு சாராய பாட்டில்தான். மோந்து பார்த்துப் பிரித்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முங்கி முங்கி எங்கள் இருவர் மூக்கும் செத்து வருஷக்கணக்காகிறது என்பது அப்போது தோன்றவில்லை.

புருஷன் இல்லாதவள் என்பதால் துணைக்கு நான் போனேன். பஸ்ஸில் அவள் முடி கருகருவென்று மின்னியது. பின் சீட்டுக் கிழவர் தனக்குப் பசிக்கிறது என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

சாப்பாட்டுக் கடையில் மாப்பிள்ளையின் அம்மா பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். கீரைத் தட்டை மோந்தாள். வைத்துவிட்டு ஓக்சிமின் தலையைப் பார்த்தாள். எங்களோடு வந்திருந்த மகளின் முகம் வெளிறிவிட்டது. ஓக்சிமின் கை சாப்பிடும் குச்சியோடு அப்படியே நின்றது.

"கீரையில எண்ணெயே இல்ல" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "உங்க தலையில கொஞ்சம் பெரட்டிக்கட்டுமா, சம்பந்தியம்மா?"

சம்பந்தியம்மா என்று அவள் முறை வைத்துக் கூப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை. ஓக்சிம் தலையைத் தொட்டு விரலை நக்கிப் பார்த்தாள். எள்ளெண்ணெய். காது வரை சிவந்தாள். பிறகு மேஜை குலுங்கச் சிரித்தோம்.

கொஞ்ச நாள் கழித்துச் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்த எண்ணெயை ஊற்றினால் கீரை மணக்கவே இல்லையாம். ஆனால் முடி சுருட்டும் மருந்தில் வெடித்துக் கிடந்த அவள் கை, எண்ணெய் பட்ட இடமெல்லாம் மெத்தென்று ஆகிவிட்டதாம். கழுத்து இன்னும் எரிகிறது, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஓக்சிம் கேட்டுப் பார்த்தாள். தர முடியாது என்று சொல்லிவிட்டாள் அவள்.

"எனக்கு வரவேண்டியது இன்னும் வரல, சம்பந்தியம்மா. அத மறந்துடாதீங்க."

மிச்ச எள்ளெண்ணெயை ஓக்சிம் வெட்கத்திலேயே சோற்றில் பிசைந்து தீர்த்துவிட்டாள். வசந்தத்தில் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்கு ஒரு பாட்டில் எள்ளெண்ணெய் இன்னும் கடன்.