மடிப்புக்கு ஒரு பேச்சு

விரிப்பின் மறுமுனை தொய்ந்து தரையில் விழுந்தபோது, அவள் பதிலை வாயில் தயாராக வைத்திருந்தாள். ஊரில் மகளுக்கு முதல் பல் விழுந்திருந்தது. மேல் பல்லா, கீழ் பல்லா என்று போன மடிப்பில் அவன் கேட்டிருந்தான். இந்த மடிப்பில் அவள் சொல்லியிருப்பாள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே நீராவிதான் நின்றது, அவன் இல்லை.

"அண்ணே" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

கீழே கிடந்தது அவளுடைய புருஷன்.

அந்தச் சலவைக்கூடத்தின் சங்கதி அப்படி. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வேலை செய்பவர்கள் யாரிடமும் அந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் கிடையாது. கையில் இருந்த பாஸ்போர்ட்டுகளும் மேனேஜரின் இரும்பு அலமாரிக்குள் போய்விட்டன. மேனேஜர் நம் பாஷைக்காரர்தான், தேன் ஒழுகப் பேசுவார். சம்பளத்தைப் பிடித்தாலும், வெளிக்கதவைப் பூட்டினாலும், "உங்க நல்லதுக்குத்தான் செய்யிறேன்" என்பார். அதனால் ஆட்கள் அவருக்கு நல்லவர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டியாக யாரையும் அவர் வேலைக்குச் சேர்க்க மாட்டார். ஒருவருக்கு ஒன்றென்றால் இன்னொருவர் வந்து கேள்வி கேட்பார் அல்லவா. "யாருன்னு கேட்டா யாரோன்னு சொல்லிடுங்க" என்று அழைத்துவந்த ஏஜெண்ட் வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டான். அவள் ஒரு படி மேலே போய், வெளியாளைக் கூப்பிடுவதுபோல் அவனுக்கு அண்ணன் முறை வைத்துவிட்டாள்.

முதல் நாள், "அண்ணே, அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க" என்று அவள் சொன்னபோது அவனுக்குப் புரையேறிவிட்டது. குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. நடுவில் பூட்டின கதவு. புருஷனும் பெண்டாட்டியும் பேச இருந்த ஒரே இடம் அந்த விரிப்புதான். பெரிய விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அவன் விரல் அவள் விரலில் படும் அந்த நேரத்தில் ஒரு பேச்சு. பிறகு பின்னால் நடக்க வேண்டும். பதில் அடுத்த மடிப்பில் வரும். இப்படித்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். சண்டை என்று வந்துவிட்டால் ஒரு நாள் முழுக்க இழுக்கும். சமாதானமாவதற்குள் ஓட்டல் ஒன்றின் விரிப்பே தீர்ந்துவிடும்.

இரண்டு நாளாக அவனுக்குக் காய்ச்சல். உலர்த்தும் இயந்திரங்களின் பக்கம் காற்றாடி ஓடாமல் நின்று வெகு காலமாகிவிட்டது. படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டவனை, "படுத்தா உடம்பு இன்னும் சோம்பிடும்" என்று நல்லவர் திருப்பி அனுப்பியிருந்தார்.

அழுக்கு விரிப்புக் குவியலின் மேல் அவனைத் தூக்கிக் கிடத்தினார்கள். நல்லவர் வந்து எட்ட நின்று பார்த்தார்.

"சூடு ஏறியிருக்கு. தண்ணி தெளிங்க, எந்திரிச்சிடுவான்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம் சார்" என்றாள் இஸ்திரி போடும் அக்கா. அவள்தான் அங்கே வயதில் மூத்தவள்.

"ஆஸ்பத்திரியில காகிதம் கேப்பான். இவன் ஒருத்தனா மாட்டுவான்? அத்தனை பேரும் மாட்டுவீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், போய் வேலையைப் பாருங்க. ஓட்டல் வண்டி வெளிய நிக்குது."

அவளுக்கு எதிரே வேறொருத்தியை நிறுத்தினார்கள். அவன் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கிடந்தான். முன்னால் நடந்தால் அவன் கிட்டே வந்தான். பின்னால் நடந்தால் நீராவிக்குள் தூரமாகப் போனான். கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் வெள்ளையாக இறங்கியது. விரிப்பும் வெள்ளை, சுவரும் வெள்ளை, எல்லாம் ஒன்றாகக் கரைந்து, நடப்பது தன் கால்கள்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒரு நடையில் அவன் எழுந்து உட்கார்ந்து சிரிப்பதுபோல் இருந்தது. 'விழுந்தவனைக்கூட அண்ணேன்னுதான் கூப்பிடுவியா?' என்று கேட்பதுபோல் இருந்தது. அடுத்த நடையில் அவன் கிடந்தபடியே கிடந்தான். அவன் காதில் கடைசியாக விழுந்தது அந்தச் சொல்லாகப் போய்விடக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு. போய்க் காதோரம் கூப்பிட்டால் தீர்ந்தது. ஆனால் நல்லவர் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு முறை கிட்டே போனபோது அவன் மார்பு ஏறி இறங்கவில்லை. சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று பின்னால் நடந்தாள். மறுபடி வந்தாள். அப்போதும் இல்லை. அதன் பிறகும் கை தன்பாட்டில் மடித்துக்கொண்டிருந்தது.

நல்லவர் குனிந்து அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவனுக்கு இங்க யாராச்சும் இருக்காங்களா?"

இயந்திரங்கள் மட்டும் உருண்டன. அவள் வாயைத் திறந்தாள். மகளின் முகம் பல் இடைவெளியோடு கண் முன்னால் வந்தது. சொன்ன மறுநிமிஷம் வேலை போகும், பிடித்து வெறுங்கையோடு அனுப்புவார்கள், அந்தப் பிள்ளைக்கு இனி இவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"யாரும் இல்லையா. அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் நல்லவர். "அழுக்கு மூட்டை வந்த வண்டியில ஏத்துங்க. பெரியாஸ்பத்திரி வாசல்ல பெஞ்சு இருக்கும், உட்கார வச்சுட்டு வந்துடுங்க. அனாதைன்னா அரசாங்கமே அடக்கம் பண்ணிடும்."

அவனை வெளியே தூக்கிப் போனார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இஸ்திரி அக்கா பக்கத்தில் வந்தது தெரியவில்லை.

"போடி."

"எங்கக்கா?"

"எந்தத் தங்கச்சிடி அண்ணனை அப்படிப் பாத்துப் பாத்து மடிப்பா? வந்த வாரமே எங்க எல்லாருக்கும் தெரியும். நீயா சொல்லல, நாங்களும் கேக்கல. போ, வண்டி கிளம்பிடும்."

சொல்லிவிட்டு அக்கா தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். காய்ந்த இஸ்திரிப் பெட்டியை ஒரு புது விரிப்பின் நடுவில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். கருகின வாசனை எழுந்ததும், வண்டியருகே நின்ற நல்லவர் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். பின்கதவு திறந்தே கிடந்தது.

வண்டிக்குள் இன்னும் இறக்காத அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் அவனைச் சாய்த்திருந்தார்கள். அவள் ஏறி அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாதக்கணக்கில் விரல் நுனியில் மட்டும் தொட்ட மனுஷன், இப்போது முழுசாக அவள் மேல் கனத்தான். வண்டி ஆடி ஆடிப் போனது. யாரோ தொட்டிலில் இருவரையும் சேர்த்துப் போட்டு ஆட்டுவதுபோல் இருந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். "கீழ் பல்லுங்க. சாப்பிடும்போது விழுந்துச்சாம். அழவே இல்லையாம்." முன்சீட்டிலிருந்து டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் அவனைத் தோளோடு அணைத்து இறக்கினான். பெஞ்சில் நீளவாட்டில் படுக்க வைத்தான். பிறகு நாலு பக்கமும் பார்த்தான்.

"வாங்கக்கா, போயிடலாம். சொன்னபடி கொண்டு விட்டாச்சு."

"நீ போ தம்பி."

"உள்ள கேள்வி கேப்பாங்க, உங்களைப் பிடிச்சு வச்சுப்பாங்க. பாப்பாவை நினைச்சுப் பாருங்க."

"அவளை நினைச்சுத்தான் காலையில வாயைத் திறக்கல. வளந்து கேப்பா இல்ல, அப்பாவை எங்க விட்டேன்னு. பெஞ்சுல விட்டேன்னா சொல்ல முடியும்?"

டிரைவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். வண்டி திருப்பத்தில் மறைந்தது.

காவலாளி வந்தார், அவரும் நம் பாஷைக்காரர்தான்.

"இங்க படுக்கக் கூடாதும்மா. எழுப்புங்க."

"எழுந்திரிக்க மாட்டாருங்க. காலமாயிட்டாரு."

அவர் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க யாரு?"

"அவரு பொண்டாட்டி."

"காகிதம் எதுனா இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"இல்லாட்டி போலீசுக்குச் சொல்லணும்மா. தெரியும்ல?"

"சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் உள்ளே போனார்.

தெருவில் ஆட்கள் போனார்கள். சிலர் பார்த்தார்கள். அவள் கையை அவன் மார்பிலிருந்து எடுக்கவில்லை. பிற்பகல் வெயில் மரத்தைத் தாண்டி அவன் முகத்தில் விழுந்தது. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவளுடைய நிழல் அவன் கண்களை மூடியது. வெயில் மேலும் சரிந்தது. அவளும் அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.